கல்விச் சந்தை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, 2025, புதன்

காங்கேயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் சனிக்கிழமை நடக்கவிருக்கும் கல்விச் சந்தையில், எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒன்பது பேருக்கும் ஒரு பந்தல் ஒதுக்கியிருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வி, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய தமிழக அரசுத் திட்டங்கள் அனைத்தையும் ஒரே துண்டறிக்கையில் அடக்கிவிடலாம் என்றார்கள் மற்றவர்கள், என்.எம்.எம்.எஸ். என்னும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கே பாதிப் பக்கம் வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்தேன். எட்டாம் வகுப்பில் அதை எழுதித் தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்பதை நான் பத்தாம் வகுப்பு முடித்த பிறகே அறிந்தேன். நான் படித்த பள்ளியில் எவரும் சொல்லவில்லை. அப்பா விசைத்தறிப் பட்டறையில் இரவு ஷிப்டும் பார்த்த ஆண்டுகள் அவை.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் எங்கள் துண்டறிக்கைகள் விசிறியாகவும் சுண்டல் மடிக்கவுமே பயன்பட்டன. ஒலிபெருக்கியில் திட்டப் பெயர்களை வாசித்ததும் வீண். பெயரைக் கேட்டு யாரும் நின்றதில்லை.

பதினொரு மணிக்கு வகுப்பறைக் கரும்பலகை ஒன்றைத் தூக்கி வந்து, என்.எம்.எம்.எஸ். தேர்வில் வரும் வகையில் 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன என்று எழுதி வைத்தோம். பிள்ளைகள் மொய்த்தார்கள். தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பின்னால் நின்றபடியே, நாலு, ஆறு, எட்டு, பத்து என்று ஏறுகிறது, ஆகவே 42 என்று சொல்லிவிட்டு, தாம் ஏழாவதோடு நின்றவர் என்றார். மனத்திறனில் 90 வினா, பாடத்தில் 90 வினா, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அவரிடம் விளக்க, நாங்கள் அழைக்காமலேயே கூட்டம் கூடியது.

ஒரு தாய் கேட்டதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. மூத்த மகன் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறானாம். கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வனில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்றேன். அதை அவன் ஒரு வாரத்திலேயே சம்பாதித்துவிடுவான் என்று சிரித்தபடி நகர்ந்தார். வேலைக்குப் போய்விட்ட பிள்ளையிடம் உதவித்தொகையைப் பேசுவது காலம் தாழ்ந்த பேச்சு என்பதால்தான் நான் எட்டாம் வகுப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறேன்.

பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் பேத்தியோடு வந்த மூதாட்டி, "ஏம்மிணி, அந்தப் பணம் யாரு கணக்குல உளுகும்? இவ அப்பன் கணக்குலீன்னா எனக்கு வேண்டாம்" என்றார்.

"பாப்பா பேருல இருக்கற கணக்குலதானுங்க ஆத்தா."

"அப்படீன்னா எழுதிக்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தைப் பள்ளி வழியாகவே அனுப்ப வேண்டும் என்பதால், சந்தையில் எங்களிடம் எழுதிக்கொடுத்த பதினான்கு பிள்ளைகளின் பெயர்களையும் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தோம். மாலையில் அந்த ஆத்தாவையும் பேத்தியையும் வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். தந்தையின் பெயர் ரேஷன் அட்டையில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தது. முதலில் அதைத் திருத்த வேண்டும். அதற்கு அந்த அப்பன் நேரில் வர வேண்டும். "நான் கூட்டிட்டு வாறன்" என்று சொல்லி, ஆத்தா பேருந்தேறினார்.