திருடர்கள் பாடும் ஓபரா

பிப்ரவரி 3
ஆங்கில நாடகாசிரியர் ஜான் கேயின் ‘பெக்கர்ஸ் ஓபரா’ (பிச்சைக்காரனின் ஓபரா) என்ற பர்லெஸ்க் நாடகத்தைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஓபரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் மேல்நாட்டு இசைநாடகம். 1728 ஜனவரி 29 அன்று லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் முதல் ஆட்டம். அந்தப் பருவத்திலேயே 62 தடவை போட்டிருக்கிறார்கள். பர்லெஸ்க் என்றால் இறகு விசிறியும் ஆடைக்குறைப்பும்தான் இன்று பலருக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் பின்னால் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் அது சுத்தமான நையாண்டி நாடகம். ராஜாக்கள் பாடவேண்டிய ஓபராவில் இங்கே வழிப்பறிக்காரனும் திருட்டுச் சாமான் வியாபாரியும் பாடுகிறார்கள்.

பிப்ரவரி 4
எடுத்த எடுப்பில் ஒரு பிச்சைக்காரன் வந்து, இதை எழுதியது நான்தான் என்கிறான். பெரிய ஓபராக்களில் வரும் உவமை எல்லாம் போட்டிருக்கிறானாம்: குருவி, விட்டில், தேனீ, கப்பல், பூ. இரண்டு நாயகிகளுக்கும் பாரபட்சம் இல்லையாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாதாம்! முந்தின வருஷம்தான் குட்சோனி, ஃபாஸ்டினா என்ற இரண்டு இத்தாலியப் பாடகிகளின் ரசிகர்கள் இளவரசி முன்னாலேயே சீட்டியடித்து ரகளை பண்ணியிருந்தார்கள். குத்து யாருக்கு என்று அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பிப்ரவரி 8
இரண்டாம் அங்கம். மதுக்கடையில் கூடியிருந்த கொள்ளைக் கூட்டம் துப்பாக்கியில் குண்டு நிரப்பி, இடுப்பில் செருகிக்கொண்டு, பாடியபடியே தொழிலுக்குக் கிளம்புகிறது. மெட்டு யாருடையது? இசையமைப்பாளர் ஹேண்டல் ‘ரினால்டோ’ என்ற ஓபராவில் சிலுவைப்போர் வீரர்களுக்காக எழுதிய அணிவகுப்பு இசை! யூடியூபில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அதே மிடுக்கு, பாடும் வாய்தான் வேறு. மெட்டைக் கோணலாக்கியிருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். நம் டிவி காமெடியில் ஒரு விக் மாட்டி, குரலைக் கீச்சென்று மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது வெறும் சத்தம்.

பிப்ரவரி 9
பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சந்திரஹரி’ ஞாபகம் வந்தது. அரிச்சந்திரன் பெயரையும் குணத்தையும் சேர்த்தே தலைகீழாக்கிவிட்டார்: இந்த ராஜா பொய்யைத் தவிர வேறெதுவும் பேசமாட்டான். 1941இல் என்.எஸ். கிருஷ்ணன் நடித்துப் படமாகவும் வந்தது. மயான காண்டம் மனப்பாடமான ஜனங்களிடம் இது எடுபடாமல் போகுமா?

பிப்ரவரி 12
முடித்தாயிற்று. திருடர்களை வைத்துச் சம்பாதித்து, ஆதாயம் குறைந்ததும் காட்டிக்கொடுத்துப் பரிசுப்பணமும் வாங்கும் பீச்சம், பிரதமர் வால்போலுக்கு விழுந்த குத்து என்று ஊருக்கே புரிந்ததாம். அடுத்த பாகமான ‘பாலி’ மேடையேறத் தடை. கேய் அதைப் புத்தகமாக அச்சடித்து நல்ல காசு பார்த்துவிட்டார்.

கடைசிக் கட்டம்தான் உச்சம். கொள்ளைக்காரன் மெக்ஹீத்தைத் தூக்கில் போடத்தான் பிச்சைக்காரன் எழுதியிருக்கிறான். நடிகன் குறுக்கே வருகிறான்: ஓபரா என்றால் சுபமாகத்தானே முடியணும்? அதுவும் சரிதான் என்று பிச்சைக்காரன், மேடையில் நிற்கும் கூட்டத்தை “மன்னிப்பு, மன்னிப்பு” என்று கத்தச் சொல்லிவிடுகிறான்.