ரத்த டியூப் வைவா: நிறத்தைத் தாண்டிப் படியுங்கள்

டிஎம்எல்டி (மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) பிராக்டிகலுக்குப் படிக்கிறவர்கள் முதலில் ரத்த டியூப் மூடியின் நிறங்களைத்தான் மனப்பாடம் செய்வார்கள். ஊதா சிபிசிக்கு (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), சாம்பல் சுகருக்கு, சிவப்பு சீரத்துக்கு (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்), நீலம் பிடிக்கு (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்). எழுத்துத் தேர்வுக்கு இது போதும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) "ஏன்?" என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடுவோம். பாளையங்கோட்டையில் படித்தபோது, டியூபுக்குள் என்ன இருக்கிறது, அது ரத்தத்தை என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது.

ஊதா மூடி டியூபுக்குள் இருப்பது ஈடிடிஏ என்ற ரசாயனம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. செல்களின் உருவமும் கெடாது. அதனால்தான் சிபிசி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) எல்லாம் இதில். ஆனால் அது பொட்டாசியம் உப்பாகத்தான் டியூபில் இருக்கிறது. அதில் ஒரு துளி சிவப்பு டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியமும் ஏஎல்பி என்ற என்சைமும் இறங்கும். சிவப்புக்குப் பிறகே ஊதா என்பதற்கும், ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். ரத்தம் எடுக்கும் முழு வரிசை: பிளட் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில்), நீலம், சிவப்பு அல்லது ஜெல் உள்ள மஞ்சள், பச்சை (ஹெப்பாரின்), ஊதா, கடைசியில் சாம்பல்.

நீலத்தில் அளவுதான் உயிர். உறையாமல் தடுக்க அதில் உள்ள 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது. ரத்தம் குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், பரிசோதனையில் நாம் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். பிடி நீண்டு வரும். ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐஎன்ஆர் (பிடியிலிருந்து கணக்கிடும் எண்) தப்பாகக் கூடினால் டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிடுவார். அப்புறம், வெஸ்டர்கிரென் முறை ஈஎஸ்ஆருக்கும் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) சிட்ரேட்தான், ஆனால் ஒன்றுக்கு நான்கு. இந்த இரண்டையும் குழப்பிக் கேட்பார்கள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக்கு ரொம்ப முக்கியமானது சாம்பல். ரத்தம் எடுத்த பிறகும் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். களக்காட்டிலோ திசையன்விளையிலோ காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம், அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் டவுனுக்கு வந்தால் சுகர் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சாம்பல் டியூபில் உள்ள புளோரைடு, ஈனோலேஸ் என்சைமைத் தடுத்து இதை நிறுத்தும். ஆனால் முழுதாக நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் சாம்பல் டியூபை உடனே ஐஸ் பெட்டியில் வைப்பது நல்லது.

அதே பெட்டியில் எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) பார்க்கும் டியூபையும் வைத்துவிடாதீர்கள். குளிரில் செல்லின் சோடியம் பொட்டாசியம் பம்ப் வேலை செய்யாது. பொட்டாசியம் வெளியே கசியும். ஹீமோலிசிஸ் (சிவப்பணுக்கள் உடைதல்) ஆகாததால் சீரம் தெளிவாகவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த இடத்திலேயே அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்புவதே சரி.

கையில் செய்து காட்டும்போது டியூபைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: ஊதாவும் சாம்பலும் எட்டுப் பத்து தடவை, நீலம் மூன்று நான்கு. டூர்னிக்கே (கையில் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெயரை நோயாளி பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள் இருப்பது சாதாரணம். "நீங்கதான் இசக்கியம்மாளா?" என்று கேட்டால் காது கேட்காத ஆச்சி தலையாட்டிவிடுவார். "ஆச்சி, உங்க பேரு என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, வயதையும் ஓபி நம்பரையும் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். "எய்யா, இம்புட்டு ரத்தமா?" என்று பதறினால், எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று டீஸ்பூன்தான் என்று சொல்லுங்கள்.

முந்தின நாள் நண்பரோடு உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள்: சுகர், கிரியேட்டினின், எலக்ட்ரோலைட், சிபிசி, பிடி. நான்கு டியூப் போதும்; நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல். மெல்லிய குழாய் இணைத்த பட்டர்ஃபிளை ஊசி என்றால், முதலில் இன்னொரு நீல டியூபில் கொஞ்சம் ரத்தம் விட்டு அதை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் உள்ள காற்று உள்ளே போய், பிடி டியூபில் அளவு குறைந்துவிடும்.