தூண்டில் நரம்பைக் கட்டிய லூட்

லூட், விஹுவேலா, பரோக் கித்தார் போன்ற பழைய மீட்டு கருவிகளுக்கு அக்காலத்தில் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்புகளையே கட்டினார்கள். அவற்றின் ஒலிக்கு நான் என்றும் அடிமை. ஆயினும் மெல்லிய முதல் நரம்பு விரைவில் நைந்து அறுந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் சுருதி நிற்காது. முதலாவது ஒற்றை நரம்பாகவும் மற்றவை இரட்டை நரம்புகளாகவும் அமைந்த ஆறு இணை கொண்ட லூட்டுக்கே பதினொரு நரம்புகள் வேண்டும் என்பதால், வாசிப்பவர்கள் பலர் மீன்பிடிக்கப் பயன்படும் நைலான், ஃப்ளூரோகார்பன் (இன்னொரு வகை நெகிழி) தூண்டில் நரம்புகளை நாடுகிறார்கள். இதை வேறு வழியின்றிச் செய்யும் ஒப்பேற்றலாகக் கருதுவது சரியன்று. கித்தாருக்கு நைலான் வந்ததே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதுதான். ஆல்பர்ட் அகஸ்டின் அன்று செய்த நைலான் நரம்புகளை ஸ்பானியக் கித்தார் கலைஞர் ஆந்த்ரே செகோவியா ஏற்றுக்கொண்டார்; அதன்பின் அவையே வழக்கமாயின.

தூண்டில் நரம்பின் சுருளில் பெரிதாக அச்சிட்டிருப்பது அது தாங்கும் எடை. நமக்கு அதைவிட முக்கியமானவை விட்டமும் அடர்த்தியும். நரம்பின் நீளம், இழுவிசை, எடை ஆகியவை சுருதியோடு கொண்ட தொடர்பைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இலேயே எழுதிவைத்தார். இன்றும் அந்தக் கணக்கே போதும். ஒரு கன சென்டிமீட்டருக்குக் குடல் நரம்பு ஏறத்தாழ 1.3 கிராம், நைலான் 1.14, ஃப்ளூரோகார்பன் 1.78. ஆகவே ஒரே இழுவிசையில் ஒரே சுருதி கிடைக்க வேண்டுமானால், நைலான் குடல் நரம்பைவிடச் சற்றுத் தடித்தும், ஃப்ளூரோகார்பன் ஏழில் ஒரு பங்கு மெலிந்தும் இருக்க வேண்டும்.

அதிரும் நீளம் 60 செ.மீ. உள்ள லூட்டின் முதல் நரம்பை 392 ஹெர்ட்ஸுக்குக் கூட்டுவதாகக் கொள்வோம். 0.42 மி.மீ. நைலானும் 0.33 மி.மீ. ஃப்ளூரோகார்பனும் ஏறத்தாழ 34 நியூட்டன் இழுவிசையில் அந்தச் சுருதியைத் தருகின்றன. தடித்த நரம்பு அறாது என்று நம்பி மேலும் தடித்ததைக் கட்டுவதில் பயனில்லை. தடிமன் கூடும்போது தாங்கும் வலிமையும் அதற்கு வேண்டிய இழுவிசையும் ஒரே அளவில் கூடுவதால், அது அறும் சுருதி மாறுவதில்லை. கூடுதல் சுமையைக் கருவியின் மேற்பலகைதான் சுமக்கும். தடிமனை ஜப்பானிய எண்ணால் குறித்த தூண்டில் நரம்புச் சுருள்கள் இந்தக் கணக்குக்கு மிகவும் தோதானவை. எண் 1 என்பது 0.165 மி.மீ., எண் 4 என்பது 0.330 மி.மீ.; எண் விட்டத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், ஒரே சுருதியில் எண் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும்.

ஃப்ளூரோகார்பனின் அருமை மூன்றாம் இணையில்தான் தெரியும். அங்கே நைலான் 0.69 மி.மீ. வரை தடிக்க வேண்டியிருப்பதால் ஒலி மந்தமாகி அடைத்துக்கொள்கிறது, 0.55 மி.மீ. ஃப்ளூரோகார்பனோ தெளிவாகப் பேசுகிறது. முதல் நரம்பில் அதன் ஒலி சற்றுக் கூர்மையாக இருப்பதால், அங்கே நைலானையே நான் விரும்புகிறேன். பல இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்புகள் வேண்டவே வேண்டாம்: அவை எடை குறைந்தவை, நெகிழாதவை, நரம்புகளை மேற்பலகையில் கட்டும் குதிரையின் மரத்தையும் அறுக்கும்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். அதிரும் நீளத்துக்கு நரம்பை வெட்டி, இரு முனைகளையும் இரு கைகளில் விறைப்பாகப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். தெளிவான இரண்டு கோடுகள் தெரிந்தால் நரம்பு சீரானது. இடையில் கலங்கலாக வேறு கோடுகள் ஆடினால் தடிமன் ஒருசீராக இல்லை, கழுத்தில் விரல் வைக்கும் எந்த மெட்டிலும் அது சுருதி சேராது. பதினாறாம் நூற்றாண்டு லூட் பாடநூல்களில் குடல் நரம்புக்குச் சொன்ன இந்தச் சோதனை, தூண்டில் நரம்புக்கும் அப்படியே பொருந்துகிறது. குதிரையில் முடியும்போது ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் வழுவழுப்பான நரம்பு உருவிக்கொள்ளும்.

கீழ்ச்சுருதி இணைகளுக்கு இது உதவாது. அவ்வளவு தடித்த ஒற்றை இழை விறைத்துப்போய், அதன் மேற்சுரங்கள் இசைவு தவறி ஒலிக்கும். அங்கே உலோகம் சுற்றிய நரம்போ கனமான வேறு பொருளோ தேவை. பரோக் கித்தாருக்கு அந்தத் தடையும் இல்லை. ரோமில் இருந்த கலைஞர்கள் தடித்த நரம்புகளை விட்டு மெல்லியவற்றை மட்டுமே கட்டியதாக ஸ்பானியக் கித்தார் கலைஞர் காஸ்பர் சான்ஸ் 1674-இல் எழுதியிருக்கிறார். அம்முறையில் ஐந்து இணைகளையும் தூண்டில் நரம்பிலேயே கட்டிவிடலாம்.