வாள் இல்லாத வொண்டர் வுமன்

ஒரு பொம்பிளைய சூப்பர் ஹீரோ ஆக்கிறதெண்டால் படம் எடுக்கிறவை முதல் பாக்கிற வேலை அவவின்ர கையில ஒரு வாளைக் குடுக்கிறது. எனக்கு இது கனகாலமா எரிச்சல். ஏனெண்டால் வொண்டர் வுமன் 1941ல அமெரிக்கக் காமிக்கில வரத் தொடங்கின காலத்தில அவவின்ர சாமான் ஒரு கயிறும் ரெண்டு காப்பும் தான். கயித்தால கட்டுப்பட்டவன் அவ சொல்லுறதைக் கேட்டே ஆகோணும், பிறகு வந்த கதையளில அவனுக்குப் பொய் சொல்லேலாது எண்டு மாத்திச்சினம். காப்பு வாற வெடியைத் தட்டிவிடுறதுக்கு. ரெண்டாலயும் ஆரையும் கொல்ல ஏலாது.

அவவை யோசிச்சு உண்டாக்கினவர் வில்லியம் மார்ஸ்டன் எண்ட உளவியல்காரர். பொய் சொல்லேக்க ஆக்களின்ர இரத்த அழுத்தம் ஏறுதோ எண்டு ஆராய்ச்சி செய்த மனிசன், அவரின்ர கதையில உண்மை சொல்ல வைக்கிற கயிறு வந்ததில என்ன அதிசயம்! பொம்பிளையள் அன்பால ஆண்டால் தான் உலகம் உருப்படும் எண்டு அவர் உண்மையாவே நம்பினவர். பிடிபட்ட வில்லியளைக் கூட சாக்கொல்லாமல் ஒரு தீவுக்கு அனுப்பித் திருத்திற மாதிரித்தான் எழுதினார். அதேநேரம் பக்கத்துக்குப் பக்கம் பொம்பிளையளைக் கட்டிப்போட்டுப் படமும் வந்தது, அதையும் சொல்லத்தானே வேணும். 2016ல ஐநா இவவைப் பெண்களுக்கான கௌரவத் தூதுவரா ஆக்கினது, உடுப்பைப் பாத்து அங்க வேலை செய்யிற ஆக்களே எதிர்ப்புக் காட்டி ரெண்டு மாசத்துக்குள்ள அது முடிஞ்சுது. அவவின்ர உடுப்பைப் பற்றிக் கதைச்ச அளவுக்கு அந்தக் கயித்தைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை.

2017ல வந்த படத்தில கடவுளையே கொல்லுற வாள் எண்டு ஒண்டைக் காவிக்கொண்டு திரியிறா, கடைசிச் சண்டையில அது நொறுங்கிப் போகுது. எனக்குப் படத்தில பிடிச்ச இடமே அதுதான். நச்சுவாயு செய்த டொக்டரைக் கொல்லாமல் விடுறா, அதுவும் நல்லம். பிறகு பாத்தால் மின்னல் அடிச்சு வில்லனை முடிச்சுப் போட்டினம், சரி, ஹொலிவூட். 2020ல வந்ததை எல்லாரும் திட்டினவை, ஆனா அதில அவ அடிச்சு வெல்லேல்லை, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு உலகம் முழுக்கக் கதைச்சு ஆக்களின்ர மனசை மாத்துறா. என்ர அக்காவின்ர மகள் அதைப் பாத்திட்டு, "சித்தி, இவ்வளவு நேரம் பாத்தது இந்தப் பிரசங்கத்துக்கோ?" எண்டாள். பாகிஸ்தானில 2013ல வந்த புர்கா அவெஞ்சர் கார்ட்டூனைப் பற்றிச் சொன்னன், அதில வாற டீச்சர் பேனையாலயும் புத்தகத்தாலயும் தான் சண்டை பிடிக்கிறவ எண்டு. அதுக்கும் சிரிப்புத்தான்.

அவளுக்குக் கண்ணகியைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினன். கண்ணகி எண்டாலே எல்லாருக்கும் மதுரை எரிஞ்சது தான் ஞாபகம். ஆனா அவ வெண்டது எங்க? அரண்மனையில, ஒரு சிலம்பை உடைச்சு. ராணியின்ர சிலம்புக்குள்ள முத்து, இவவின்ர சிலம்புக்குள்ள மாணிக்கம், அது தெறிச்சு விழுந்தவுடன வழக்கு முடிஞ்சுது. பாண்டியனை ஆரும் வெட்டேல்லை, தான் பிழையாத் தீர்ப்புச் சொன்னன் எண்டு விளங்கினவுடன தானா விழுந்து செத்தான். மார்ஸ்டனின்ர கயித்துக்கு எத்தினையோ நூற்றாண்டுக்கு முன்னமே எங்களிட்ட இருந்த சாமான் அது.

நெருப்பு பிறகு தான். அதிலயும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவை, குழந்தையள் எண்டு ஒரு லிஸ்ட் சொல்லி இவையைத் தொடாத எண்டு தீயிட்டச் சொல்லுறா. லிஸ்டில இல்லாத சனம் என்ன பாவம் செய்தது எண்டு அவள் கேட்டாள். நல்ல கேள்வி, என்னட்ட மறுமொழி இல்லை.

ஆனா அந்தக் கோவத்தை அப்பிடியே விடக்கூடாது எண்டு எங்கட சனத்துக்குத் தெரிஞ்சிருக்கு. மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் கோயிலுகளில வைகாசியில குளிர்த்தி எண்டு செய்வினம், பாட்டுப் பாடி அம்மனைக் குளிரப் பண்ணுறது. எரிச்சவவைக் கும்பிட்டுக்கொண்டே 'இனிக் காணும் தாயே' எண்டு ஆத்துறது, இந்த யோசினை எந்த சூப்பர் ஹீரோ படக்காரருக்கும் வரேல்லை. (யாழ்ப்பாணத்தில கனக்கக் கண்ணகி கோயிலுகள் பேர் மாறி ராஜராஜேஸ்வரி ஆனது வேற கதை, அதுக்குத் தனியா எழுதோணும்.)

1984ல இங்க யாழ்ப்பாணத்தில அன்னையர் முன்னணி எண்டு அம்மாமார் சேர்ந்து, பிடிச்சுக்கொண்டு போன பெடியளை விடச்சொல்லி, மாவட்டத்தை நிர்வகிக்கிற அரசாங்க அதிபரிட்ட ஊர்வலமாப் போனவை. 2017ல இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் றோட்டுக்கரையில போட்டோவோட இருந்தவை. ஒரு கையில போட்டோ, மற்றக் கையில கேள்வி. கண்ணகியும் ஒரு கையில சிலம்போட கேள்வி கேக்கத்தான் போனவ, என்ன, அவவுக்கு மறுமொழி சொல்ல ஒரு ராசாவாவது இருந்தான்.

ஆரும் எங்கட கண்ணகியை வைச்சுக் காமிக் கீறுறதெண்டால் ஒரு வேண்டுகோள். சிலம்பு உடையிறதுக்கு ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பெரிசாக் கீறுங்கோ, மதுரைக்கு ஒரு சின்னக் கட்டம் காணும். தயவுசெய்து வாள் குடுத்திடாதேங்கோ.