முதல் வெளிநாட்டு டிரையத்லான்: சைக்கிளைப் பிரித்தது முதல் இறுதிக்கோடு வரை

1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் என்ற தூரத்தை உள்நாட்டில் முடித்தவருக்கு, அதையே வேறொரு நாட்டில் முடிக்கக் கூடுதல் உடல்வலிமை தேவைப்படுவதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றபோதும் இதே தூரம்தான் வைக்கப்பட்டது. ஆனால் பழுதில்லாத சைக்கிளோடும் தெளிந்த தலையோடும், விதிகளை அறிந்தவராகவும் தொடக்கக் கோட்டில் போய் நிற்பதற்கு என்று தனியான தயாரிப்பு ஒன்று இருக்கிறது. தொழில்முறை வீரர் அல்லாதவர்கள் வயதுவாரியாகப் போட்டியிடும் வயதுப் பிரிவில் என் முதல் பன்னாட்டுப் போட்டிக்குச் சென்று வந்த அனுபவத்தில் அந்தத் தயாரிப்பைப் பற்றியே எழுத விரும்புகிறேன். பயிற்சித் திட்டம் சொல்லித்தர ஆட்கள் உண்டு. இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

முதலில் காகித வேலை. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று நமக்கு என்ன வயதோ அதை வைத்தே வயதுப் பிரிவு முடிவாகிறது என்பதால், பிறந்தநாள் ஆண்டின் பிற்பகுதியில் வருபவர்கள் பதிவு செய்யும்போதே இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதிவுசெய்தேன். போட்டி எண் வாங்கும் இடத்தில் புகைப்பட அடையாள ஆவணத்தைக் கேட்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தை வரிவரியாகப் படித்தேன். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் விளையாட்டுப் போட்டியில் ஏற்படும் காயமும், சைக்கிளுக்கு ஏற்படும் சேதமும் விலக்கப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் பத்திரத்தைத் தேடி எடுப்பது அலுப்பான வேலைதான், இருந்தாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

மருந்துப் பையையும் அப்போதே சரிபார்த்துவிட்டேன். ஊக்கமருந்து விதிகள் தொழில்முறை வீரர்களுக்கு மட்டுமே என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின், போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் விதிமீறல் ஆகிறது. அந்தப் போட்டிக் காலமோ பொதுவாக முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடுகிறது. விமானத்தின் வறண்ட காற்றில் சளி பிடிப்பது எளிது என்பதால், எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை விளையாட்டு மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது சைக்கிள்தான், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். கடைக்காரரிடம் கொடுத்துப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொள்வது எளிய வழி என்றாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பூட்டப்போவது நாம்தான். எனவே பயணத்துக்கு வெகுமுன்பே வீட்டிலேயே பிரித்து, பெட்டியில் வைத்து, மறுபடி எடுத்துப் பூட்டி, அதே சைக்கிளில் நீண்ட பயிற்சிக்குப் போய்வரும் ஒத்திகையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் மெல்லிய டேப்பைச் சுற்றி உயரத்தை அடையாளப்படுத்தினேன். ஹேண்டில்பாரின் கோணத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். இடப்பக்கப் பெடலின் மரை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதை அவசரத்தில் மறந்து, இறுக்கும் பக்கமே திருப்பிக்கொண்டிருப்பவர்களைப் போட்டியாளர் விடுதியில் பார்த்தேன். சக்கரங்களைக் கழற்றிய பிறகு டிஸ்க் பிரேக் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் பயணத்தில் பிரேக் பிடி ஒருமுறை அழுந்தினாலே பிஸ்டன்கள் நெருங்கி, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடான ரோட்டார் உள்ளே நுழைய இடமில்லாமல் போய்விடும். கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் பின் டீரெயிலரைச் சட்டத்திலிருந்து கழற்றி, சங்கிலியோடு துணியில் சுற்றிக் கட்டியதுதான் நான் செய்தவற்றிலேயே அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன். பெட்டி பக்கவாட்டில் விழுந்தால் முதலில் வளைவது டீரெயிலரைத் தாங்கியிருக்கும் சிறு கொக்கிதான். மாற்றுக் கொக்கி ஒன்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டிருந்தேன்.

டயரில் காற்றை இறக்குவது பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். விமானத்தின் சரக்கறையில் அழுத்தம் அறவே இல்லாமல் போனாலும் டயரின் மேல் கூடும் சுமை ஒரு வளிமண்டல அழுத்தம்தான், அதாவது ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ. அதனால் முழுவதும் இறக்காமல், ரிம்முக்குப் பாதுகாப்பாக இருக்கும் அளவுக்குப் பாதியை விட்டுவைத்தேன். அவசரத்தில் காற்றடிக்கும் கரியமில வாயுக் குப்பிகளை எடுத்துச் செல்லவில்லை. அவற்றின் விதி விமான நிறுவனத்துக்கு நிறுவனம், விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொள்வதே நிம்மதி. பவர் பேங்க் போன்ற உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. ஆற்றல் ஜெல்கள் திரவக் கணக்கில் வருவதால் அவை பெட்டிக்குள் போயின. கைப்பையில் ஹெல்மெட், இரண்டு ஜோடிக் காலணிகள், மூன்று பகுதிகளுக்கும் ஒரே உடையான டிரை சூட், நீச்சல் கண்ணாடி ஆகியவற்றை வைத்துக்கொண்டேன். பெட்டி வந்து சேரத் தாமதமானால் சைக்கிளை வாடகைக்கு எடுத்துவிடலாம், காலுக்குப் பழகிய காலணியை அப்படி எடுக்க முடியாது.

உடல் புதிய நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வைப்பது வழக்கம். கிழக்கு நோக்கிச் செல்லும்போது இது இன்னும் கடினம். அந்தக் கணக்கின்படி முன்கூட்டியே சென்று, காலை வெளிச்சத்தில் மெதுவான ஓட்டத்தைத் தவிர முதலில் எதுவும் செய்யவில்லை.

சைக்கிளைப் பூட்டியபோது இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கையில் வைத்திருந்ததால், ஹேண்டில்பார் ஆணிகளை அவற்றின் மேலேயே குறிக்கப்பட்டிருந்த அளவுக்கு, ஊகத்துக்கு இடமில்லாமல், இறுக்க முடிந்தது. என்னைப் பழக வைத்தது வேறொன்று. அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். போட்டியிலும் வலப்பக்கமே ஒட்டிச் சென்று, முந்துவதற்கு இடப்பக்கம் போக வேண்டும். தெரிந்த விதிதான், ஆனால் களைத்த மூளை பழைய பக்கத்துக்கே கையை இழுக்கும். அதனால் போட்டிக்கு முன்பு போன சவாரிகள் எல்லாவற்றிலும் இடத்தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் பயிற்சியாக வைத்துக்கொண்டேன்.

போட்டி விளக்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பவர்களை எனக்குப் புரியவில்லை. சுற்றுகளின் எண்ணிக்கை, சைக்கிள் ஏறும் கோடு, இறங்கும் கோடு, தண்ணீர் தரும் இடங்கள், குப்பை போட அனுமதித்த பகுதி எல்லாம் அங்கேதான் தெளிவாகின்றன. முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஒட்டிச் செல்வதற்குத் தடையுள்ள போட்டி அது: அவருடைய முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி 10 மீட்டர் நீளப் பகுதிக்குள் நுழைந்தால் 20 விநாடிக்குள் முந்தியாக வேண்டும், முந்தப்பட்டவர் பின்வாங்கி இடம்விட வேண்டும். சைக்கிளை ஒப்படைக்கும்போது நடுவர் பிரேக்கையும், ஹேண்டில்பாரின் திறந்த முனைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்தார். பயணத்தில் கழன்று விழும் அந்தச் சிறு அடைப்பான்களில் கூடுதலாகச் சில என்னிடம் இருந்தன. பக்கத்தில் நின்றவருக்கும் ஒன்றைக் கொடுத்தேன்.

குளிரைத் தாங்க உதவும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் அணியலாமா என்பதைப் போட்டி நாள் காலைதான் உறுதியாகச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, 60 செ.மீ. ஆழத்தில் நீரின் வெப்பநிலையை அளக்கிறார்கள். இந்தத் தூரத்தில் வயதுப் பிரிவினருக்கு 22 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெட்சூட் தடை. இரண்டுக்கும் தயாராகவே போயிருந்தேன். அன்று அனுமதி கிடைத்தது. வெதுவெதுப்பான நீரில் பயிற்சி செய்தவர்களுக்குக் குளிர்ந்த ஏரியில் இறங்கும் முதல் நிமிடம் மூச்சைப் பறிக்கும். தானாக எழும் அந்தத் திணறல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்பதை முந்தைய நாள் நீச்சலிலேயே உணர்ந்திருந்ததால், முகத்தை நனைத்து, நீண்ட மூச்சுகளை வெளியேவிட்டபடி காத்திருந்தேன். கொம்பு ஒலித்ததும் கூட்டத்தின் ஓரமாகவே நீந்தி, மிதவைகளை எண்ணிக் கரையேறினேன்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடமான டிரான்சிஷனில் முதலில் ஹெல்மெட், அதன் வார் பூட்டிய பிறகே சைக்கிளில் கை; இந்த வரிசையைத் தூக்கத்திலும் மாற்றாத அளவுக்குப் பழகியிருந்தேன். சைக்கிளில் கியர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் மாறின. முதல் சுற்றில் ஒவ்வொருவரையும் இடப்பக்கமாக முந்தியபோது, பெட்டியோடும் ஆலன் கீயோடும் கழித்த மாலைகள் எல்லாம் நல்லபடியாகவே செலவாகியிருக்கின்றன என்று மனம் நிறைந்தது. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், மொழி தெரியாத மக்கள் எண்ணில் அச்சிட்டிருந்த என் பெயரை எழுத்துக்கூட்டிக் கூவி உற்சாகப்படுத்தியதை அப்படியே ஏந்திக்கொண்டு ஓடினேன். இறுதிக்கோட்டைத் தாண்டியதும் அழுதேன்.

அன்று மாலையே காலில் கட்டிய டைமிங் சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெட்சூட்டை நன்னீரில் அலசி நிழலில் உலரவிட்டேன். சைக்கிளைப் பெட்டியில் வைக்கும் முன் டயரிலும் சட்டத்தின் அடியிலும் ஒட்டியிருந்த மண்ணைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். வெளிநாட்டு மண்ணையும் விதைகளையும் உள்ளே விடாத நாடுகளில் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். புறப்படும் முன்பு உள்நாட்டுச் சுங்கத்தில் சைக்கிள் இங்கிருந்தே கொண்டுபோனது என்பதற்காக அதன் சட்ட எண்ணைக் காட்டிப் பெற்ற சான்றும், சைக்கிள் வாங்கிய ரசீதும் கைப்பையின் மேலறையில் இருந்தன. திரும்பி வந்து இறங்கியபோது அதிகாரி ரசீதைத்தான் முதலில் கேட்டார்.