பால் கட்டினால் அழுத்தித் தேய்க்காதீர்கள்

சிசேரியன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த கையோடு எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இரண்டும் கல்லாக இறுகி, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்து, துணி பட்டால்கூட உயிர் போகிற வலி. பாப்பா வாய் வைப்பாள், வழுக்கிவிடும், வீறிட்டு அழுவாள். காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டமும் விறைத்துப்போனால் குழந்தையால் அதை வாய்க்குள் வாங்கவே முடியாது. ஆஸ்பத்திரியில் இதை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

பெரியம்மா விளக்கெண்ணெய் தடவி, கட்டியை உடைக்க வேண்டும் என்று கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அக்கறையில் செய்ததுதான், ஆனால் சாயங்காலம் வீக்கம் கூடிவிட்டது. முதல் சில நாட்களில் வருகிற இந்த வீக்கத்தில் பால் மட்டும் இல்லை, திசுக்களில் நீரும் கோத்திருக்கும், பிசையப் பிசைய இன்னும்தான் வீங்கும்.

வீட்டுக்குப் பார்க்க வந்த நர்சம்மாதான் வழி காட்டினார். மல்லாந்து படுக்கச் சொல்லி, காம்பின் அடியில் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி, வலிக்காத அளவுக்கு அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்தார். அப்புறம் மேலும் கீழுமாக விரலை மாற்றி வைத்து மறுபடி ஒரு நிமிடம். எடுத்தால் விரல் பதிந்த இடமெல்லாம் குழிந்து மெத்தென்று இருந்தது. உடனே பாப்பாவைப் போட்டோம், வாய் நிறையப் பிடித்து மடக் மடக்கென்று விழுங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீதியெல்லாம் எளிதுதான். காம்புப் பக்கத்திலிருந்து அக்குள் பக்கமாக, தோல் மட்டும் லேசாக நகர்கிற மாதிரி தடவ வேண்டும். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம். கையால் பீய்ச்சுவதென்றால் கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்து, பின்னால் அழுத்தி, சேர்த்துப் பிடித்து, விட வேண்டும். தோல் மேல் விரல் வழுக்கக் கூடாது. பாரம் குறைகிற அளவுக்குப் பீய்ச்சினால் போதும், ஒட்ட எடுத்தால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

தாய்ப்பால் சார்ந்த மருத்துவம் பார்க்கும் டாக்டர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அழுத்தித் தேய்ப்பது கூடாது என்றே சொல்கிறது. பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார். இப்போது முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் வட்டமாக நீவிவிடுவது அவர் வேலை. அந்த இதத்தில் உடம்பு தளர்ந்து பால் இறங்குவதும் சுலபமாக இருக்கிறது.

காய்ச்சலும் குளிரும் வந்து, மார்பில் ஓரிடம் மட்டும் சிவந்து சுட்டால் மசாஜ் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், பால் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.