ஒரு சாதனத்தின் கடைசித் தேதி

கடந்த சில ஆண்டுகளாகத் தொழில்நுட்பச் செய்திகளைத் திறந்தவுடன் நான் முதலில் தேடிப் படிப்பவை நிறுத்த அறிவிப்புகள்தாம். இந்தச் சேவை இன்ன தேதியோடு முடிகிறது, இந்த மாதிரிக்கு இனிமேல் புதுப்பிப்புகள் வரமாட்டா என்று நான்கைந்து வரிகளில் வரும் அந்த அறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் படம்கூட இருக்காது. புதிய கைப்பேசி ஒன்று வெளியாகும் நாளில் அதன் கேமராவைப் பற்றியும் திரையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் தளங்கள், அந்தக் கைப்பேசி கைவிடப்படும் நாளில் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கின்றன. நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருடையது என்ற கேள்விக்கான விடை அந்த ஒரு பத்திக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த அக்கறை எனக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சிறிய கருவி. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக, கைப்பேசிச் செயலியோடு இணையும் கருவி ஒன்றை வாங்கியிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அளவு தானாகவே செயலியில் பதிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது மாதவாரியான வரைபடத்தைக் காட்டலாம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் பதிந்து வந்தோம். ஒருநாள் செயலி திறக்கவில்லை. நிறுவனம் அந்தச் செயலியை நிறுத்திவிட்டதாகவும், பதிவுகளை இறக்கிக்கொள்வதற்கான கெடு முடிந்துவிட்டதாகவும் ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. கெடுவைப் பற்றிய மின்னஞ்சல் நான் எப்போதோ பயன்படுத்துவதை விட்டுவிட்ட முகவரிக்குப் போயிருக்கிறது. கருவி இன்றும் பழுதில்லாமல் இயங்குகிறது. பட்டையும் இறுகுகிறது, எண்ணும் தெரிகிறது. ஆனால் ஐந்து ஆண்டுப் பதிவுகள் போய்விட்டன. மருந்தின் அளவை மாற்றிய மாதத்தில் அழுத்தம் எப்படி இருந்தது என்று அதன்பின் மருத்துவர் கேட்டபோது எங்களிடம் சொல்ல விடை இல்லை.

முன்பு ஒரு வானொலிப் பெட்டியையோ தையல் எந்திரத்தையோ வாங்கி வந்தால், அதைச் செய்த நிறுவனம் மறுநாளே மூடப்பட்டாலும் வீட்டிலிருக்கும் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது கடினமாகலாம், அவ்வளவுதான். இன்று விற்கப்படும் பல கருவிகளின் பாதி மட்டுமே நம் வீட்டுக்கு வருகிறது. மறுபாதி எங்கோ ஓர் ஊரில், நிறுவனம் மாதந்தோறும் வாடகை கட்டும் சர்வர் என்ற தொலைதூரக் கணினியில் இருக்கிறது. அந்த வாடகை நின்ற அன்று நம் மேசையில் இருப்பது பிளாஸ்டிக் கூடு. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் இதை 2016-இலேயே அனுபவித்தார்கள். 2014-இல் அந்த நிறுவனத்தை வாங்கிய, கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட், ஈராண்டுகளுக்குள் சர்வரை நிறுத்தியது. விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்கிக்கொண்டிருந்த கருவி ஒரே நாளில் எதற்கும் உதவாமல் போனது. அப்போது அதைப் படித்தவர்கள் அதை ஒரு விதிவிலக்காகவே எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

விதிவிலக்கு அன்று என்பதை எனக்கு உறைக்க வைத்தது 2024 டிசம்பரில் வந்த செய்தி. எம்பாடிட் என்ற அமெரிக்க நிறுவனம், ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்காக மோக்ஸி என்ற சிறிய ரோபோவை 799 டாலருக்கு விற்றுவந்தது. அது குழந்தையோடு பேசும். அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கேட்கும். கோபம் வந்தால் மூச்சை எப்படி நிதானப்படுத்துவது என்று சொல்லித்தரும். மற்றவர்களோடு எளிதில் பழக இயலாத குழந்தைகளுக்கும், ஆட்டிச நிலையுள்ள குழந்தைகளுக்கும் அதைப் பெற்றோர் நம்பி வாங்கினார்கள். அதன் பேச்சு முழுவதும் தொலைவிலுள்ள சர்வர்களை நம்பியிருந்தது. எதிர்பார்த்திருந்த முதலீடு கடைசி நேரத்தில் கைகூடாததால் நிறுவனம் மூடப்படும் என்றும், ரோபோ சில நாட்களில் பேசுவதை நிறுத்திவிடக்கூடும் என்றும் அறிவிப்பு வந்தது. அந்தச் செய்தியைக் குழந்தைக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பெற்றோருக்கான குறிப்பையும் நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது.

அந்தக் குறிப்பைப் பற்றிப் படித்தபோது நெடுநேரம் வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை. எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குத் தோழனாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்தத் தோழன் ஒரு முதலீட்டுச் சுற்று தோற்றதால் பேச்சை நிறுத்தப்போகிறது என்று குழந்தையிடம் சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு தாயையோ தந்தையையோ கொண்டுவந்து நிறுத்துவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? பொம்மை உடைந்தால் குழந்தை அழும், பிறகு தேறும். உடைவது என்றால் என்ன என்பது அதற்குத் தெரியும். உடையாத பொம்மை, முகம் அப்படியே இருக்க, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவதை அது எந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளும்? இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவைப் பொம்மைகளிலும் முதியோருக்கான துணைக்கருவிகளிலும் பொருத்துவதைப் பற்றி வாரந்தோறும் செய்தி வருகிறது. அவற்றில் எதிலாவது, பேச்சு நிற்கும் நாளுக்கான ஏற்பாடு என்ன என்ற கேள்வி கேட்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். நான் படித்தவற்றில் அநேகமாக இல்லை.

வீட்டிலிருக்கும் கருவியைவிட நெருக்கமான இடமும் உண்டு, அது உடல். கலிபோர்னியாவைச் சேர்ந்த செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை உருவாக்கியது. மரபுவழி விழித்திரை நோயால் பார்வையை முற்றிலும் இழந்தவர்களின் கண்ணுக்குள் 60 மின்முனைகள் கொண்ட நுண்தகட்டை அறுவைச் சிகிச்சை மூலம் பொருத்துவார்கள். மூக்குக்கண்ணாடியிலுள்ள கேமரா பிடிக்கும் காட்சியை, இடுப்பில் அணியும் சிறு கணினி மின்துடிப்புகளாக மாற்றிக் கம்பியில்லாமல் அந்தத் தகட்டுக்கு அனுப்பும். கிடைப்பது நாம் அறிந்த பார்வை அன்று. சாம்பல் நிற ஒளிப்புள்ளிகள் மட்டுமே. ஆனால் பல ஆண்டுகள் இருளில் இருந்தவருக்குக் கதவின் விளிம்பும் சாலையோரக் கோடும் தெரிவது சிறிய விஷயமா? ஐரோப்பாவில் 2011-இலும் அமெரிக்காவில் 2013-இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. கருவியின் விலை ஏறத்தாழ 1,50,000 டாலர். உலகம் முழுவதும் 350 பேர் அளவில் அதைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த நாட்களில் வந்த செய்திகளெல்லாம் மகிழ்ச்சிச் செய்திகள். அவற்றைப் படித்து நானும் மகிழ்ந்திருக்கிறேன்.

2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைத் தயாரிப்பதை நிறுத்தியது; 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வெளியே அனுப்பியது. கருவியைப் பொருத்திக்கொண்டவர்கள் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் கேட்க ஆள் இல்லாமல் நின்றார்கள். 2022 பிப்ரவரியில், ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஸ்பெக்ட்ரம் இதழ் அவர்களைத் தேடிச் சென்று பேசி வெளியிட்ட பிறகே வெளியுலகம் இதைக் கவனித்தது. வெளியே அணியும் பகுதி பழுதாகிப் பார்வைப்புள்ளிகள் அணைந்துவிட்டால் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தகடு கண்ணுக்குள்ளேயே கிடக்கும், அதை எடுப்பதற்கும் இன்னொரு அறுவைச் சிகிச்சை வேண்டும். மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கவேண்டிய தேவை வந்தால், உள்ளே இருக்கும் கருவியைப் பற்றிய விவரத்தை மருத்துவர் உற்பத்தியாளரிடம்தான் கேட்டறிய வேண்டும். அந்தத் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை என்றால் நோயாளி என்ன செய்வார்? நிறுவனம் மோசடி எதுவும் செய்யவில்லை. பணம் தீர்ந்துபோனது, அவ்வளவே. எனக்கு அச்சம் தருவதும் அதுதான். யாரும் தவறு செய்யாமலேயே ஒரு மனிதரின் கண் மீண்டும் அணைந்துபோகக்கூடிய ஓர் ஏற்பாட்டை நாம் இயல்பானதாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இவற்றோடு ஒப்பிட்டால் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது சாதாரணச் செய்தியாகத் தோன்றலாம். பத்தாண்டுக் காலம் ஆதரவு தந்தார்கள், முடியும் தேதியையும் முன்கூட்டியே சொன்னார்கள். அதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அடுத்த பதிப்பு குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய புராசசர்களையும் கட்டாயமாக்கியதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பெருந்தொகையாகப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தள்ளப்பட்டன. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்கின்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு. பழுதாகாத பொருளைப் பழையதாக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தக் குவியலில் போய்ச் சேருகிறது.

மின்னூல்களைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-இல் மூடியபோது, வாங்கிய நூல்கள் அனைத்தும் வாசகர்களின் கருவிகளிலிருந்து மறைந்தன. பணம் திருப்பித் தரப்பட்டது. நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. பணத்தைத் தராமல் போன பல நிறுவனங்களோடு பார்த்தால் இது நேர்மையான நடத்தைதான். இருந்தாலும், ஒருவர் பக்கத்தின் ஓரத்தில் எழுதிய எண்ணங்களுக்கு 25 டாலர் என்று விலை குறித்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இரவல் என்பதை விற்பனை என்று சொல்லக்கூடாது என்ற எளிய நியாயத்தைக் கலிபோர்னியா மாநிலம் இப்போது சட்டமாக்கியிருக்கிறது: 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்பவர்கள் அது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்குதல் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது.

எந்த நிறுவனமும் எல்லாக் காலத்துக்கும் சர்வர்களை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. நிரந்தரத்தை நான் கேட்கவில்லை. மூடும்போது சாவியை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றுதான் கேட்கிறேன், அது இயலாத காரியமும் அன்று. பெபிள் என்ற கைக்கடிகார நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் சேவைகள் 2018-இல் நின்றபோது ரீபிள் என்ற பெயரில் கூடிய ஆர்வலர்கள் மாற்றுச் சேவையைத் தாங்களே நடத்தினார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கடிகாரத்தின் மென்பொருளை, அப்போது அதன் உரிமையாளராக இருந்த கூகுள், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய திறந்த மூலமாக வெளியிட்டது. மோக்ஸிக்கும் வீட்டிலுள்ள கணினியிலேயே இயக்கத்தக்க ஒரு சிறிய சர்வர் மென்பொருளை அதன் பொறியாளர்கள் கடைசி நாட்களில் எழுதினார்கள். கடைசி நாட்களில் எழுத முடிந்ததை முதல் நாளிலேயே எழுதி வைத்திருக்க முடியும். பொறியியல் கடினம் என்பதைவிட, அப்படி எழுதி வைக்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே காரணமாக எனக்குப் படுகிறது.

கட்டாயம் மெதுவாக வரத்தொடங்கியிருக்கிறது. இணையத்தோடு இணையும் கருவிகளை விற்பவர்கள் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைப்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பும், ஏழு ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் கிடைக்கவேண்டும். கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்நிலைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு ஆதரவு என்று சில ஆண்டுகளாக விளம்பரப்படுத்துவதைப் பார்க்கும்போது, கேட்கத் தொடங்கினால் தரத் தொடங்குவார்கள் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் இவை நிறுவனம் உயிரோடு இருக்கும்வரை செல்லுபடியாகும் வாக்குறுதிகள். நிறுவனமே இல்லாமல் போகும் நாளுக்கு, குறைந்தது உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகளுக்கும் குழந்தைகளுக்கான கருவிகளுக்குமாவது, வரைபடங்களையும் மென்பொருளையும் பொதுப் பாதுகாப்பில் ஒப்படைத்த பிறகே விற்பனைக்கு அனுமதி என்று விதி வேண்டும்.

சட்டம் வரும்வரை செய்தி எழுதுபவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் மதிப்புரையிலும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்து எழுதலாம்: எந்தத் தேதிவரை ஆதரவு, இணையம் இல்லாமல் எது எது இயங்கும். பேட்டரி எத்தனை மணிநேரம் நிற்கும் என்று சோதித்துச் சொல்பவர்களுக்கு, வைஃபையை அணைத்துவிட்டு ஒருநாள் பயன்படுத்திப் பார்ப்பது பெரிய வேலையாக இருக்காது. நான் படிக்கும் இரண்டு தளங்களுக்கு இதைக் கோரி எழுதியிருக்கிறேன்.

அம்மாவின் அளவுகளை இப்போது கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வருகிறோம். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், எங்கள் வீட்டில் இணையத்தை நம்பி இயங்கும் பொருட்களின் பெயர்களை நான் வரிசையாகக் குறித்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. பெயருக்கு எதிரே வாங்கிய தேதி, அதற்கு எதிரே ஆதரவு முடியும் தேதி. வாங்கிய தேதி எல்லாவற்றுக்கும் கிடைத்துவிட்டது. மற்றத் தேதியை, உற்பத்தியாளர்களின் தளங்களில் இரண்டு மாலைகள் தேடியும், நான்கு பொருட்களுக்கு மட்டுமே நிரப்ப முடிந்திருக்கிறது.